தனப்பிரியாவின் சான்றிதழ் வயது

முதல் கொட்டகையின் நடுப்பாதையில் நின்று தனப்பிரியா ஆங்கிலத்தில் உரையாற்றிக்கொண்டிருந்தாள். தலைப்பு, நதிநீர்ப் பங்கீடு. இரண்டு பக்கமும் அடுக்கடுக்கான கம்பிக் கூண்டுகளிலிருந்து முட்டைக்கோழிகள் கழுத்தை நீட்டித் தீவனம் கொத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தன. வலது கையில் தீவன வாளி. இடது கை மட்டும் மேடைப் பேச்சாளரின் கையைப் போல ஏறி இறங்கியது. பேச்சு முடிந்ததும் கோழிகளைப் பார்த்து "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். புதுச்சத்திரத்தில் பண்ணைக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிதில் முட்டை வாங்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

என்னைக் கண்டு அவள் கூச்சப்படவில்லை. "கோழிங்ககிட்டப் பேசுனா ஒரு சவுரியமுங்கக்கா. நடுவுல பூந்து யாரும் பேசமாட்டாங்க. சத்தம் மட்டும் போடக்கூடாது. பயந்துபோட்டா முட்ட கொறஞ்சு போயிரும். எங்கப்பன் வைவாரு."

நெடுநெடுவென்று உயரம். காலர் வைத்த ஆண்கள் சட்டை, காலில் எப்போதும் ஓட்டக்காரர்களின் ஷூ. விடியற்காலையில் சேலம்–நாமக்கல் சாலையோரமாக ஓடுவாள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவாள். பண்ணைக்காரர் மகளாக இருந்தும் முட்டை பிடிக்காது. உடம்புக்கு வேண்டுமே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மாத்திரை போல விழுங்குவாள். கல்லூரி என்.சி.சி.யிலிருந்து தொற்றிக்கொண்ட பாஷை வேறு. அம்மா மலர்விழி அடுக்களையிலிருந்து "சாப்புட்டியா சாமி?" என்று கேட்டால் "நெகட்டிவ்" என்பாள். "நெகட்டிவ்னா இட்லியா தோசையா, ஒழுங்காச் சொல்லு!" என்று உள்ளிருந்து அதட்டல் வரும்.

"உனக்கு வயது என்ன?" என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டேன்.

"சர்ட்டிபிகேட்லயா, நெசத்துலயாங்கக்கா?"

சான்றிதழில் இருபத்துமூன்று. நிஜத்தில் இருபத்திரண்டு. அப்பா சென்னியப்பனும் மலர்விழியும் பண்ணை தொடங்கிய காலத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான்கு வயதுக்காரியை ஐந்து வயது என்று சொல்லி ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டார் சென்னியப்பன். நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூடம் கொடுத்ததுதான் பிறந்தநாள். அதனால் யாருக்கும் குடிமுழுகிப் போனதில்லை. தனப்பிரியாவுக்குத்தான் முழுகப் பார்த்தது. அவள் விமானப்படையில் விமானி ஆக விரும்பினாள். பயிற்சி தொடங்கும் தேதியில் இருபத்துநான்கைத் தாண்டியவர்களை அவளைப் போன்ற பட்டதாரிகளுக்கான பிரிவில் சேர்க்கமாட்டார்கள்.

"ஒரு வருசத்த எங்கப்பன் எடுத்துக்கிட்டாருங்க" என்று அவள் சிரிப்பாள். சென்னியப்பனால் சிரிக்க முடிந்ததில்லை. "எம்புள்ள வயச நானே தின்னுபோட்டனுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொன்னார்.

ஆசை வந்த கதையில் பெருமைக்குரியது எதுவுமில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் பொறியியல் படித்தபோது என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தாள். அணிவகுப்பு முடிந்ததும் கொடுக்கும் பூரிக்காக. "கெழங்கு அவ்வளவு நல்லா இருக்குமுங்கக்கா." கோவையில் நடந்த முகாம் ஒன்றில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் ஒரு சுற்றுக் கூட்டிப்போனார்கள். மேலே போனதும் ஓட்டியவர் கட்டுப்பாட்டுக் கோலைச் சிறிது நேரம் அவள் கையில் விட்டார். "லேசாச் சாச்சனுங்க. கீழ தரை பூராவும் சாஞ்சுது. அத்தோட பூரி மறந்துபோச்சு."

படிப்பு முடிந்த கையோடு தேர்வு எழுதியிருக்க வேண்டியவள். அந்தச் சமயத்தில்தான் சென்னியப்பன் தீவனக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் மறுபடி ஊன்றுகோல் இல்லாமல் நடக்கும்வரை பண்ணை அவள் கையில் இருந்தது. தீவனம் கலந்தாள், தடுப்பூசி போட்டாள், முட்டை வண்டிகளை அனுப்பினாள். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "அப்பன் உழுந்து கெடக்கறாரு. அதுக்காவ கோழி பட்டினி கெடக்குமா? இதுல என்னங்க தியாகம்?"

எழுத்துத் தேர்வில் அவளுக்கு ஒருபோதும் சிக்கல் இருந்ததில்லை. அதற்குப் பிறகு மைசூருவில் அதிகாரிகள் தங்கவைத்துச் சோதிக்கும் ஐந்து நாள் தேர்வில்தான் சறுக்கியது. முதல் முறை போனபோது ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிக் குழுவாகப் பேசச் சொன்னார்கள். குழுவில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கோழிகளிடம் பேசிப் பழகிய இவள் குரல் பக்கத்து நாற்காலியைத் தாண்டவில்லை. முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

பண்ணையில் அப்போது ஒரு கொட்டகைக் கோழிகளை, முட்டையிடும் வயது முடிந்ததென்று ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அந்தக் காலிக் கொட்டகையில் நின்று கூரை அதிரக் கத்திப் பழகினாள். எங்கள் சமையலறைவரை கேட்கும். "லெட் மீ ஃபினிஷ்!" என்று யாருமில்லாத கூண்டுகளை அதட்டுவாள். இரண்டாம் முறை ஐந்து நாளும் தாக்குப்பிடித்தாள். கடைசியில் தேர்வானவர்கள் என்று கூப்பிட்ட எண்களில் அவள் எண் இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு. அடுத்து வரும் பயிற்சிக்கு அவளுடைய சான்றிதழ் வயது மயிரிழையில் உள்ளே இருந்தது. அதற்கடுத்த பயிற்சிக்கு வெளியே.

இந்த நேரம் பார்த்து எடப்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தது. விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். நல்ல மனிதர்கள். பையனிடமும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர்கள் காபியை ஆற்றிக்கொண்டே, "பொண்ணு இப்ப என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டார்கள்.

மகளின் ஆசையைப் பற்றி அதுவரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லாதவர் மலர்விழி. சென்னியப்பன் தொண்டையைச் செருமுவதற்குள் அவர் முந்திக்கொண்டார். "பட்டாளத்து ஏரோப்ளேன் ஓட்டப் போறாளுங்க."

"ஓ... பரிச்சை பாஸாயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க. ஆயிருவா. இப்போதைக்குக் கல்யாணம் பண்றதா இல்லீங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

முறுக்கைப் பாதியில் வைத்துவிட்டு அவர்கள் எழுந்தார்கள். வாசல்வரை போய் மரியாதையாக வழியனுப்பிவிட்டு வந்து, மலர்விழி மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாஞ் சொல்லிப்போட்டன். இனி நீ பாத்துக்க."

"அதுக்கப்பறந்தானுங்கக்கா எனக்கு நெசமாவே பயம் வந்துச்சு" என்றாள் தனப்பிரியா.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதிகாரிகள் தேர்ந்தெடுத்தாலும், விமானி ஆகிறவர்களுக்கென்று தனியாக ஓர் இயந்திரச் சோதனை உண்டு. திரைக்கு முன்னால் உட்கார்ந்து கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை, காதுக்கும் கண்ணுக்கும் வேறு வேறு வேலை என்று ஒரே நேரத்தில் செய்துகாட்ட வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அதில் உட்கார முடியும். தவறினால் வயது மிச்சமிருந்தாலும் மறுபடி விடமாட்டார்கள். ஊரில் எல்லாரும், "டிராக்டரே ஓட்டறவ நீ, ஒனக்கென்ன கண்ணு" என்று தைரியம் சொன்னார்கள். அவளுக்கு நேர்மாறான கவலை. "அந்தப் பெடலும் பெடலு, இந்தப் பெடலும் பெடலு. பழக்கதோசத்துல பிரேக்குன்னு நெனச்சு ஓங்கி மிதிச்சுப்போட்டா?" அதனால் மைசூரு போகும்வரை டிராக்டர், வேன், ஸ்கூட்டி எதையும் தொடுவதில்லை என்று தீர்மானித்தாள். நாமக்கல் போக பஸ். பக்கத்து ஊர் என்றால் நடை. தீவன மூட்டைக்குப் போகச் சொன்ன அப்பாவிடம், "காலுக்கு எல்லாத்தையும் மறக்கடிச்சுட்டு இருக்கறனுங்ப்பா, தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள். சென்னியப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தானே டிராக்டர் ஏறினார்.

மூன்றாம் முறை மைசூருவில் நடந்ததை அவள் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். கடைசி நாள் எல்லாரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்தார்கள். சட்டையில் மாட்டியிருக்கும் எண்ணைத்தான் கூப்பிடுவார்கள், பெயரை அல்ல. அதிகாரி உள்ளே வந்து ஒரே ஓர் எண்ணைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். தனப்பிரியா அந்த எண் யாருடையது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்திலிருந்த வடநாட்டுப் பெண் முழங்கையால் இடித்து, அவள் நெஞ்சில் மாட்டியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"எந்திரிச்சு நிக்கறனுங்க. இத்தன நாளு ஒண்ணாச் சோறு தின்ன பசங்க அத்தன பேரும் கை தட்டறாங்க. தட்டிட்டு அழுதுட்டே பஸ் ஏறிப் போயிட்டாங்க."

அவளை மட்டும் நிறுத்திவைத்து இயந்திரச் சோதனைக்கு உட்காரவைத்தார்கள். "காலு நெசமாவே எல்லாத்தையும் மறந்துதானுங்கக்கா இருந்துச்சு. புதுசாக் கத்துக்குச்சு."

முடிவு தெரிந்ததும் வீட்டுக்குப் போன் செய்தாள். "பாஸாயிட்டனுங்ப்பா." சென்னியப்பன் போனை அப்படியே மலர்விழியின் காதில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"அப்பா எங்கம்மா?"

"கொட்டாய்க்குள்ள போயி அழுதுட்டு இருக்கறாரு. நீ சாப்புட்டியா?"

"நெகட்டிவ்மா!"

அந்தக் கத்தல் போனிலிருந்து வெளியே வந்து, வேலிக்கு இந்தப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.

அத்தோடு முடிந்துவிடவில்லை. மருத்துவச் சோதனையில் மூக்கின் உள்தண்டு வளைந்திருக்கிறது என்றார்கள். சேலத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பஞ்சு எடுத்த மூக்குடன் மறுசோதனைக்குப் போய் வந்தாள். பிறகு தகுதிப் பட்டியலுக்காகக் காத்திருந்தாள். பட்டியலின் கடைசி வரிகளில் அவள் பெயர் இருந்தது. "கடைசியா ஏறுனாலும் அதே பஸ்ஸுதானுங்க" என்று மலர்விழி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு லட்டு கொடுத்தார்.

ஹைதராபாத் அருகே டுண்டிகலில் பயிற்சி. சான்றிதழ்ப்படி இருபத்துநான்கு முடிந்த நாளில் அவள் அங்கே இருந்தாள். பிறந்தநாள் என்று தெரிந்ததும் சீனியர்கள் மைதானத்தில் குட்டிக்கரணம் அடிக்கவிட்டார்கள். "எங்கப்பன் போட்ட தேதிக்கு நான் மண்ணுல உருண்டனுங்க. இது பொய்ப் பொறந்தநாளுன்னு சொன்னா, நெச நாளுக்கும் உருளச் சொல்லுவாங்கன்னு சொல்லல."

ஆனால் பறக்க ஆரம்பித்ததும் புதிய கண்டம் வந்தது. விமானம் குட்டிக்கரணம் போட்டு நிமிரும்போதெல்லாம் குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி வந்தது. நிற்காவிட்டால் விமானியாக வைத்துக்கொள்ளமாட்டார்கள். சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார்கள். இறங்கித் தள்ளாடியவள் மறுபடி தானே ஏறி உட்கார்ந்து, "இன்னொருக்கா சுத்துங்க" என்றாளாம். அந்த நாட்களில் அவள் வீட்டுக்குப் போன் செய்யவில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை பேசினாள். "அம்மாகிட்டச் சொல்லீறாதீங்கக்கா. ஊருக்கே லட்டு குடுத்திருக்குது." ஒருநாள் காலையில் வாந்திப் பை காலியாகவே திரும்பியது. அடுத்த நாளும்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது மெலிந்து கறுத்திருந்தாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். பின்கட்டில் நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தனியாகப் பறந்த நாளைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் இரண்டு சுற்று கூடவே வந்த பயிற்சியாளர், விமானத்தை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தான் உட்கார்ந்திருந்த பின் இருக்கையின் பட்டைகள் ஆடாமல் இறுக்கிக் கட்டிவிட்டு, "போய்ட்டு வா" என்றார்.

"மேல போயித் திரும்பிப் பாத்தனுங்க. பின்னாடி ஆளே இல்ல. எனக்குப் பாட்டு வராதுங்கக்கா. அன்னிக்கு வந்துச்சு."

"பயமா இல்லையா சாமி?" சென்னியப்பன் கேட்டார்.

"மேல இருக்கறப்ப இல்லீங்ப்பா. எறங்கறப்பத்தான். ஓடுபாதை எதுத்தாப்ல வருது, பாத்துச் சொல்ல ஆளில்ல. சக்கரம் மண்ணத் தொட்டதே தெரியலீங்க. அவ்வளவு மெத்துனு தொட்டுச்சு."

மலர்விழிக்கு ஓடுபாதையும் சக்கரமும் முக்கியமாகப் படவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எறங்குனதும் மொதல்ல என்ன பண்ணுன?" என்று கேட்டார்.

"செஞ்சு காட்டறன் பாரும்மா" என்று தனப்பிரியா எழுந்து, வேப்பமரத்தடியில் கட்டியிருந்த எருமையிடம் போனாள். அது அசைபோடுவதை நிறுத்திக் காதைத் திருப்பியது. அதன் விலாவில் உள்ளங்கையை விரித்து, பெரிய பாரத்தை மேடேற்றிக் கொண்டுவந்து சேர்த்த மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல், இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு கையை எடுக்காமல், அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.