ஐம்பத்தொரு கிலோ

சனிக் கிரகத்துக்குப் போகிற கப்பல் ஒன்றை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து காகிதத்தில் கட்டினோம். காகிதம் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். அது லேப்டாப்பில் ஐந்து பேரும் திறந்து பார்க்கக்கூடிய ஓர் அட்டவணை, அதோடு ஒட்டிய சில படங்கள், ஓர் அறிக்கை. யாரும் அந்தக் கப்பலைச் செய்யப் போவதில்லை, யாரும் அதில் ஏறப் போவதில்லை. டெல்லியில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நான்கைந்து மனிதர்களை வெளிக்கோள்கள் வரை கொண்டுபோய், ஏழு வருடம் கழித்து உயிரோடு திருப்பிக் கொண்டுவரும் கப்பலை வடிவமைக்க வேண்டும். ஜெயிக்கிற குழுவிலிருந்து ஒரே ஒருவர் அந்தக் கோடை முழுவதும் அங்கே போய் வேலை பார்க்கலாம். யார் என்று குழுவே சொல்ல வேண்டும்.

அந்த ஓர் இடத்துக்காக நான் செய்ததைத்தான் எழுதப் போகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கிறவர்கள் அடுத்த வரியிலேயே காரணம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அந்த ஜாதி ஆட்களைப் பிடிக்காது.

குழுவில் மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். பையன்கள் மூவரும் வடக்கத்தியார். ஒருவன் என்ஜின் பார்த்தான், ஒருவன் மின்சாரம், ஒருவன் ரேடியோவும் வழிகாட்டும் கருவிகளும். நான் ஆட்கள் தங்கும் கேபினும் எடைக் கணக்கும். அதாவது கப்பலில் ஒரு திருகாணி கூடினாலும் என்னைக் கேட்டுத்தான் கூட வேண்டும். அந்த அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. லக்ஷ்மிபாய் நகரில் அப்பாவின் சர்க்கார் குவார்ட்டர்ஸில் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, அம்மா போட்ட போண்டாவைத் தின்றுகொண்டு, நான் ஆட்களைக் கெஞ்ச வைத்தேன்.

ஐந்தாவது ஆள் மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்துவிட்டு வந்தவள். அவளுடைய பகுதி, ஆள் உயிரோடு இருப்பதற்கு வேண்டியதெல்லாம்: காற்று, தண்ணீர், சாப்பாடு. அவர்கள் வீட்டுப் பூர்வீகம் திருநெல்வேலி. அப்பா ஒரு சர்க்கார் அலுவலகத்தில் கீழ்நிலை உத்தியோகம். டிகிரி முடிந்ததும் சர்க்கார் வேலைக்கான ஸ்டாஃப் பரீட்சை எழுதி அதே மாதிரி ஒரு நாற்காலியில் அவள் உட்கார வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் மேலே படிக்க விடுவதாகவும் சொல்லியிருந்தார். அது நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது. அவளுக்கு அந்தக் கோடை தேவையாக இருந்தது. எனக்கு அது ஆசை மட்டும்தான். அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெளிவாகத் தெரியும்.

யார் போவது என்பதற்கு வழி சொன்னதும் அவள்தான். நடுவர்கள் யாருடைய பகுதியில் குறைவாகக் குற்றம் சொல்கிறார்களோ, அவர் போகட்டும் என்றாள். நியாயமாகப் பட்டது, எல்லோரும் தலையாட்டினோம்.

அவளுடைய பகுதி நன்றாக இருந்தது. சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருந்தது. அவர்கள் பிளாக்கில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். எந்த வாளி குடிக்க, எந்த வாளி துவைக்க, துவைத்த தண்ணீர் எதற்கு என்று சின்ன வயதிலிருந்து கணக்கு வைத்தே வளர்ந்தவள். கப்பலில் மூச்சு, வியர்வை, சிறுநீர் எல்லாவற்றிலிருந்தும் தண்ணீரைத் திரும்ப எடுக்கும் இயந்திரத்தை, வீட்டு வேலை மாதிரி ஒழுங்காக யோசித்து வைத்திருந்தாள். அதோடு நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடு. இயந்திரம் பழுதானால் யார் வேண்டுமானாலும் சரிசெய்ய ஒவ்வொரு படியாக எழுதியது. அதன் முதல் வரி, "முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், பிறகு பழுது பாருங்கள்." அவள் இங்கிலீஷில் அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. நான் அதைப் பையன்களுக்கு அவள் குரலிலேயே படித்துக் காட்டினேன். ஒரு வாரம் சிரித்தோம். அவளும் கூடவே சிரித்தாள்.

கப்பலின் ஐந்து இருக்கைகளையும் எங்கள் பேரிலேயே வைத்திருந்தோம். வெறுமனே ஒரு விளையாட்டு. ஒவ்வொரு இருக்கைக்கும் நேரே அந்த ஆளின் எடையையும் வேலையையும் எழுத வேண்டும். என்ஜின்காரன் எண்பத்தெட்டு கிலோ. நான் அறுபத்துமூன்று, ஐம்பத்தெட்டு என்று போட்டுக்கொண்டேன். இல்லாத கப்பலில்கூட ஐந்து கிலோவை ஒளித்து வைத்தேன். அவள் மருந்துக்கடை மெஷினில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்துவிட்டு வந்து எழுதினாள். ஐந்தாவது இருக்கை, ஐம்பத்தொரு கிலோ.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எடைக்காரி கடைசியில் குறைக்கச் சொல்வாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் முதலிலேயே கூட்டிச் சொல்வார்கள். நூறு கிலோ வேண்டியவன் நூற்றிருபது கேட்பான். கரோல் பாகில் கடைக்காரன் சொல்லும் விலை மாதிரிதான். அம்மா பாதிக்குக் கேட்பாள், அவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான், கடைசியில் அவன் முதலிலேயே மனதில் வைத்திருந்த விலைக்குக் கொடுப்பான். மூன்று பையன்களும் இப்படித்தான் கூட்டிப் போட்டிருந்தார்கள். நானும் என் கேபின் படங்களில் கூட்டியிருந்தேன். அவள் மட்டும் நிஜமான எடையைப் போட்டிருந்தாள்.

எதிர்பார்த்தபடியே மொத்த எடை எல்லை தாண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் முன்னறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு பகுதியிலும் பதினைந்து சதவீதம் குறைக்க வேண்டும் என்றேன். பாரபட்சம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே சட்டம். பையன்கள் "மர் கயே யார்!" என்று, செத்தே போனவர்கள் மாதிரி சோபாவில் சாய்ந்து நாடகம் போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் குறைத்துக் காட்டிவிட்டு, ஷாம்பூ பாக்கெட்டிலிருந்து மிச்ச சொட்டைப் பிதுக்கிய திருப்தியோடு கிளம்பிப் போனார்கள். அவள் மட்டும் லேப்டாப்பை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, நான் உள்ள எடையத்தான் போட்டிருக்கேன். இதுல எங்கன குறைக்க?"

"எல்லாருக்கும் அதே ரூல்தான். உனக்கு மட்டும் தனியாவா போட முடியும்?"

"அவனுவ கூட்டிப் போட்டிருக்கானுவ. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தண்ணியில கை வச்சா கடைசி வருசம் ஆளு செத்துருவாவ."

"அச்சா, சாகட்டும். காகிதத்துலதானே சாகப் போறாங்க? ஜல்தி பண்ணு, அப்பா டிவி பாக்க வந்துடுவார்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் போண்டாத் தட்டைப் பார்த்தேன். யார் யார் எவ்வளவு கூட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். அவர்களிடம் கூடுதலாகக் குறைத்து அவளுடையதை விட்டுவைத்திருக்கலாம், பத்து நிமிட வேலை. அப்படிச் செய்திருந்தால் அவளுடைய பகுதியில் சொல்வதற்கு ஒரு குற்றமும் இருந்திருக்காது. அவள் பதினைந்து சதவீதத்தைக் குறைத்துவிட்டு, "அம்மாட்ட சொல்லிரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

நடுவர்களைச் சந்திக்கும் வாரம் நவம்பரில் வந்தது. வெளியே புகை. எதிர் வரிசை வீடு தெரியவில்லை, கல்லூரியை மூடிவிட்டார்கள். எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து வீடியோவில் பேச வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டு இணைப்பு நன்றாக இருந்ததால் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு. யார் பேச வேண்டும், யார் குரல் அடைக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் என் கைவிரலில். நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், தேவைப்பட்டால் உங்களைத் திறந்து விடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி நால்வரின் குரலையும் அடைத்து வைத்தேன்.

நன்றாகத்தான் போனது. என்ஜினில் இரண்டு கேள்வி, மின்சாரத்தில் ஒன்று, ரேடியோவில் ஒன்று, என் பகுதியில் ஒன்றும் இல்லை. பிறகு, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பெண் நடுவர் தண்ணீர்ப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். பென்சிலால் ஏதோ பெருக்கிப் பார்த்தார். "உங்கள் கடைசி வருடத்தில் ஐந்து பேர் நான்கு பேருடைய தண்ணீரைக் குடிக்கிறார்கள். யாரைச் சாகவிடுவதாகத் திட்டம்?" என்று கேட்டார்.

மற்ற இரண்டு நடுவர்களும் சிரித்தார்கள். என் திரையில் அவளுடைய சதுரத்தில், பேச அனுமதி கேட்கும் அந்தச் சின்ன மஞ்சள் கை உயர்ந்தது. பின்னால் அவள் வீட்டு இரும்பு பீரோவும், மேலே அடுக்கிய சூட்கேஸ்களும் தெரிந்தன.

"அந்தப் பகுதி என் தோழியுடையது" என்றேன்.

"அவர் ஏதோ சொல்ல வருகிறார் போலிருக்கிறதே?"

அவள் பேசிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. தன் குரல் அடைத்திருக்கிறது என்று தெரிந்து, நான் திறப்பேன் என்று நம்பி, நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. என் விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"அவள் வீட்டில் இணைப்பு சரியில்லை" என்றேன். "நாங்கள் சரிசெய்து அனுப்புகிறோம்."

திருத்தி அனுப்ப ஒரு வாரம் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்ததும் பையன்களிடமிருந்து செய்தி வந்தது. பாவம் அவள், என்றான் ஒருவன். பாவம் என்று இன்னொருவன். ஆனாலும் தண்ணீரில் தப்பு பண்ணக் கூடாது இல்லையா என்று என்ஜின்காரன் எழுதினான், பதினைந்து சதவீதத்தைக் கொழுப்பிலிருந்து குறைத்துக் கொடுத்தவன். கோடை வேலைக்கு யார் என்று கேட்டபோது மூவரும் என்னைச் சொன்னார்கள். அவள் போட்ட சட்டப்படி அதுதான் நியாயம்.

அவள் சண்டை போடுவாள் என்று நான் பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் அட்டவணையின் புதிய பிரதி ஒன்று வந்தது. தண்ணீர்க் கணக்கு சரியாக இருந்தது, கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. சாப்பாடு குறைந்திருந்தது, காற்று குறைந்திருந்தது, கப்பலின் மொத்த எடை இறங்கியிருந்தது. எப்படி என்று தேடினேன். இருக்கைகளின் பட்டியலில் நான்கு வரிதான் இருந்தது. ஐம்பத்தொரு கிலோவைக் காணோம்.

கூடவே ஒரு வரி: "ஒரு சீட்ட எடுத்துட்டேன். இப்போ தண்ணி போதும்."

நான் அழவில்லை. நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் நிம்மதிதான் முதலில் வந்தது. பையன்கள் குதித்தார்கள். மிச்சமான எடையில் அவரவர் கூட்டிப் போட்டதைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள், நானும் என் கேபினை ஒரு முழம் அகலமாக்கினேன். நடுவர்களுக்கு அனுப்பினோம். முதல் பரிசு எங்களுக்கு வந்தது. பரிசு கொடுத்த அன்று அவள் கல்லூரிக்கு வரவில்லை. பிறகு ஸ்டாஃப் பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள். இப்போது ஏதோ ஓர் அமைச்சகத்தில் ஃபைல் பார்க்கிறாள். அவள் அப்பா லக்ஷ்மிபாய் நகர் கோயிலில் என் அப்பாவுக்கு லட்டு கொடுத்தாராம்.

கோடையில் நான் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். முதல் வாரமே அந்த நரைமுடி அம்மாள் தன் அறைக்குக் கூப்பிட்டு எங்கள் அறிக்கையை மேசையில் விரித்து வைத்தார். பழைய பட்டியலும் புதிய பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில்.

"ஆளைக் குறைத்தது துணிச்சலான முடிவு" என்றார். "மாணவர்கள் யாருக்கும் அது வராது. யாரை விடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?"

"எடையைப் பார்த்து" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். "எடையைப் பார்த்தால் எண்பத்தெட்டு கிலோவை அல்லவா இறக்கியிருக்க வேண்டும்? இருப்பதிலேயே லேசான ஆளை இறக்கியிருக்கிறீர்கள்." விரல் ஐந்தாவது வரியில் நகர்ந்தது. "அதுவும் தண்ணீர் இயந்திரம் தெரிந்த ஒரே ஆள். ஏழு வருடத்தில் அது பழுதானால் யார் பார்ப்பது?"

"கையேடு இருக்கிறது" என்றேன். "நாற்பது பக்கம். யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம்."

அவர் பின்னிணைப்பைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். முதல் வரியைப் படித்தார். நான் திருத்தி வைத்திருந்த இங்கிலீஷில் இருந்தது. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், பிறகு பழுது பாருங்கள். முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார்.

"இந்த வரியை எழுதியவரை நம்பி நான் அந்தக் கப்பலில் ஏறுவேன். நீங்கள் எழுதியதா?"

ஆமாம் என்றேன்.