சைவ வீட்டில் ஒரு குப்பி மீன் எண்ணெய்

என் ஓரகத்தி குழல்வாய்மொழியைப் பற்றித் தென்காசியில் இரண்டு பேச்சு உண்டு. வாயாடி என்பது ஒன்று, மீன் தின்ற சைவ வீட்டுப் பெண் என்பது இன்னொன்று. வாயாடி என்பது சத்தியமான உண்மை. அடுத்ததைச் சொல்கிறவர்கள் வாயில் மண் விழ! அவள் மீன் தின்னவில்லை, மீன் எண்ணெய் குடித்தாள். எதற்காகக் குடித்தாள் என்று கேட்க ஒருத்திக்கும் நேரமில்லை.

எங்கள் மாமியார் முத்துவடிவு, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் போடுவதில் பெயர் எடுத்தவள். உப்புக் குறைத்த சோறு, சுட்ட பூண்டு, மிளகுக் குழம்பு. கீரை சீதளம், பருப்பு வாயு. தண்ணீர் கேட்டால் அரை டம்ளர் வெந்நீர், அதற்கு மேல் குடித்தால் வயிறு தொங்கிவிடுமாம். மூத்த மருமகளான நான் அந்தப் பத்தியத்தில் இரண்டு பிள்ளை பெற்றேன். இரண்டும் பிழைத்தன, கடைவாய்ப் பற்கள்தான் போயின. குழலுவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அவளுடைய முதல் பெண் குழந்தை பால் போதாமல், அழக்கூடத் தெம்பில்லாமல் மூன்றாம் மாதம் போய்விட்டது. "ஆண்டவன் குடுத்தான், எடுத்தான்" என்றாள் மாமியார். குழலு பதில் பேசவில்லை. வாயாடி வாயை மூடிக்கொண்டால் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அவளுக்கு அடுத்த பிள்ளை. ஆண். பிரசவம் பார்த்த நர்சம்மா நூருன்னிசா, பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியிலிருந்து சிவப்பு மாத்திரையும் ஒரு குப்பி எண்ணெயும் கொண்டுவந்து குழலு கையில் கொடுத்தாள்.

"இது மீன் எண்ணெம்மா. சுறா ஈரல்ல எடுக்கது. உங்க வீட்டுல சேத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். ஒளிக்காமச் சொல்லிட்டேன், குடிக்கதும் குடிக்காததும் உன் இஷ்டம்."

"இத குடிச்சா பிள்ளைக்குப் பால் ஊறுமா நர்சம்மா?"

"இத மட்டும் குடிச்சா ஊறாது. வயிறு நெறையத் தின்னணும், தாகத்துக்குத் தண்ணி குடிக்கணும். ஒடம்புல ஒண்ணுமே இல்லையே உனக்கு. கண்ணு வெளுத்துக் கெடக்கு."

குழலு அங்கேயே மூடியைத் திறந்து ஒரு கரண்டி குடித்தாள். குமட்டிக்கொண்டு வந்ததை மூக்கைப் பிடித்து விழுங்கினாள். குப்பியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். தீட்டு அறைக்குள் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? நான்தான் செம்பு நிறையத் தண்ணீரும், துவரம் பருப்புப் போட்ட கீரையும் முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோவேன்.

இரண்டு வாரத்தில் வீடு நாறத் தொடங்கியது. ஏழு தலைமுறையாக மீன் வாடையே அறியாத மூக்குகள் அல்லவா? மாமியார் முகர்ந்து முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்: எலி செத்துக் கிடக்கிறது. நெல் குதிரைக் காலி செய்தார்கள். பரணில் இருந்த அண்டா குண்டானெல்லாம் முற்றத்துக்கு வந்தன. எலியைக் காணோம். கடைசியில் ஓட்டுக்கடியில்தான் இருக்கும் என்று ஓடு மாற்றுகிற சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டு, தீட்டு அறைக்கு மேலேயே ஓட்டைப் பிரிக்கச் சொன்னாள். ஆனி மாதம், குற்றாலத்துச் சாரல் ஊரெல்லாம் தூறிக்கொண்டிருக்கிறது. தொட்டிலில் பச்சைப் பிள்ளை!

சுடலைக்கண்ணு நாலு ஓடு எடுத்தவன் மூக்கைச் சுளித்து, பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டான். "ஆச்சி, எலி வாடை இப்படி இருக்காதே. இது வந்து..." என்று இழுத்தான்.

பிள்ளை மேல் தூறல் விழுந்ததும் குழலு அவனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் புழங்குகிற பட்டாசாலைக்கே வந்துவிட்டாள். தீட்டாவது ஒன்றாவது!

"ஏலே சுடல, ஓட்ட மூடு! எலியும் இல்ல பெருச்சாளியும் இல்ல. நான் மீன் எண்ண குடிக்கேன். அதான் நாறுது."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அடிப் பாதகத்தி! சிவபூசை பண்ணுத வீடுட்டி இது!"

"பூசை பண்ணுத வீட்டுலதான் என் மக செத்தா."

குழலுவின் புருஷன், என் கொழுந்தன் நெல்லையப்பன் நல்லவர். நல்லவர் என்றால் வாயைத் திறக்காதவர். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தீட்டுக் கழிந்ததும் மாமியார் எங்களைக் குற்றாலத்துக்கு வண்டி கட்டிக் கூட்டிப்போனாள். அருவியில் முழுகி, அம்மன் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்து, இனி அந்த எண்ணெயைத் தொடுவதில்லை என்று குழலு சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் பிறந்த வீடான அச்சன்புதூருக்கே போய்விடலாம். இதுதான் தீர்மானம். பச்சைத் தண்ணீர் ஒரு மிடறு குடித்தால் ஜன்னி கண்டுவிடும் என்ற அதே மகராசி, பிள்ளை பெற்றவளை அருவிக்கடியில் தலையைக் கொடுக்கச் சொன்னாள். குழலு குளித்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஈரத் தலையோடு சந்நிதிக்கு வந்தோம். கற்பூரம் எரிந்தது.

"ம், அணச்சுச் சத்தியம் பண்ணு."

"மாட்டேன் அத்தை. இந்த அம்மன் பேரத்தான் எனக்கு வச்சிருக்கு. அவ முன்னால பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்லாதிய. வீட்டுக்குப் போனதும் குடிக்கத்தான் செய்வேன்."

"மீன் எண்ண குடிச்சவ பாலக் குடிச்சு வளருத பிள்ள எப்படிட்டி சைவமாவான்?"

அந்த நேரம் பார்த்து என் தோளில் கிடந்த குழலுவின் பிள்ளை பசித்து அழ ஆரம்பித்தான். சும்மா அழுகையா அது? பிராகாரத்தில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குழலு அவனை வாங்கி மாமியார் கையில் வைத்தாள்.

"அப்போ இவனுக்கு நீங்க பால் குடுங்க. சுத்த சைவமா வளரட்டும்."

மாமியார் பிள்ளையை ஆட்டினாள், முதுகில் தட்டினாள். அவன் அவள் மார்பில் முகத்தை முட்டி முட்டித் தேடினான், கிடைக்கவில்லை என்றதும் வீறிட்டான். கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. கடைசியில் மாமியார் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். குழலு தூணோரம் உட்கார்ந்து முந்தானையை மூடினாள். சத்தம் நின்றது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய் கொடுத்த பாலோ, கீரையும் தண்ணீரும் கொடுத்த பாலோ, பிள்ளை குடித்தான்.

மாமியார் மனம் மாறினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மாறவில்லை. அச்சன்புதூர் பேச்சை விட்டாள், அவ்வளவுதான். அன்று முதல் குழலுவுக்குத் தட்டுத் தனி, டம்ளர் தனி, உட்காரும் இடமும் மாட்டுத் தொழுவத்தை ஒட்டித் தனி. குழலு அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிள்ளை தொடையில் சதை மடிந்து கிடக்கத் தவழ்ந்தான்.

அடுத்த தை மாதம் எனக்கு மூன்றாவது பிரசவம். மாமியார் வழக்கம்போல உப்புக் குறைந்த சோறும் சுட்ட பூண்டும் அரை டம்ளர் வெந்நீரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு பிரசவத்தில் வாய் திறக்காதவள் நான். மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தேன். டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"அத்தை, எனக்கும் ஒரு தட்டத் தனியா எடுத்து வச்சிருங்க."