மூத்தவளுக்குத்தான் புதுசு

புதுக் குடைத் துணிக்கு ஒரு மணம் உண்டு. கஞ்சிப் பசையும் மண்ணெண்ணெயும் கலந்தது போல, மூக்கை லேசாக அரிக்கும் மணம். கல்லடியில் கடலுக்கும் வாவி என்கிற உப்பங்கழிக்கும் நடுவே இருந்த எங்கள் தென்னங்கிடுகு வீட்டில், யேசு பிறந்த நத்தார்த் திருநாள் காலை ஒன்றில் பெரியக்கா பிலோமினா தன் குடையை விரித்தபோது, நான் ஓடிப்போய் அதற்குள் தலையை விட்டு மூச்சு முட்டும்வரை மோந்து பார்த்தேன். "போதும்கா, மணத்தையெல்லாம் நீயே உறிஞ்சிப்போட்டா எனக்கு என்ன மிஞ்சும்?" என்று அக்கா சிரித்தாள். எங்கள் ஊரில் தங்கச்சியையும் 'கா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்ன, சிரிப்பாள். அந்தக் குடை இன்னும் மூன்று நத்தார் கழித்து, அவளுக்குப் பிறகு இரண்டு பேர் பிடித்து, கம்பி வளைந்து, மீன் கூடை நாற்றத்தோடு என் கைக்கு வரும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் நத்தாருக்கு ஒரேயொரு புதுச் சாமான்தான் வாங்குவார்கள். அது மூத்த பிள்ளைக்கு. மூத்தவள் போன வருடம் வாங்கியது அன்று இரண்டாவதான திரேசாக்காவிடம் இறங்கும். அவளிடம் இருந்தது அந்தோணி அண்ணனுக்கு இறங்கும். அண்ணனிடம் இருந்தது, உருப்படியாக மிஞ்சியிருந்தால், நாலாவதுக்கு. அந்த நாலாவது நான். இதற்கு எங்கள் வீட்டில் 'இறக்கம்' என்று பெயர். அப்பா வள்ளக்காரர், படுவான்கரையிலிருந்து நெல்லு மூட்டைகளை வாவிக்கு இந்தப் பக்கம் ஏற்றி வருவார். அந்த உழைப்பில் நாலு பிள்ளைக்கு நாலு புதுச் சாமான் என்பது நடக்காத காரியம், அதற்காகப் பிள்ளைகளை வெறுங்கையோடு நத்தார்ப் பூசைக்கு அனுப்பவும் மனமில்லை என்று அம்மா தானாகவே உண்டாக்கிய சட்டம் இது.

அம்மா கெட்டிக்காரி. ஒரு சாமானைத் தெரிவுசெய்ய வருடம் முழுக்க யோசிப்பாள். "மூத்தவளுக்கு இண்டைக்கு உதவணும், கடைசிப் புள்ளைக்கு இறங்கிற அண்டைக்கும் உதவணும்" என்பாள். முதன்முதலில் வாங்கிய கண் மூடித் திறக்கும் பொம்மையில்தான் அவள் கணக்கு பிழைத்துப்போனது. இரண்டு அக்காமாரும் அதைப் பட்டுப்போல வைத்திருக்க, மூன்றாவது வருடம் அது அந்தோணி அண்ணனுக்கு இறங்கியது. ஆம்பிளைப் பிள்ளை பொம்மையை வைத்து என்ன செய்வான்? தென்னம்பாளையில் வள்ளம் விட்டு, அதில் பொம்மையைக் கட்டி வாவியில் அனுப்பினான். என்னிடம் வந்தபோது பொம்மைக்கு ஒரு கண் திறக்காது. அதற்குப் பிறகு அம்மா ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சாமானாகவே தேடினாள். சட்டம் போட்ட சிலேட்டு, புத்தகம் வைக்கிற தகரப்பெட்டி, குடை. கடைசியாகத் தையல் சாமான் வைக்கும் பிஸ்கட் தகரம். "எனக்கு வரட்டும், நான் தூண்டில் முள்ளுப் போட்டு வைக்கிறன்" என்று அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன்கூட்டியே அதைத் திட்டம் போட்டு வைத்திருந்தான்.

எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். ஒரேயொரு தரம், ஒரேயொரு சாமான், வேறொருவர் கை படாமல் நேராக என் கைக்கு வரவேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகமில்லை. கேட்காத வருடமுமில்லை. அம்மாவிடம் மறுமொழி தயாராக இருக்கும். "உனக்கு வாங்கினா அது உன்னோட நிண்டுபோகும் மகள். உனக்குக் கீழ ஆரு இரிக்கா?" நியாயம்தான். ஆகவே நான் கோயிலில் பாலன்குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்று, எங்கள் அம்மாவுக்கு இன்னொரு பிள்ளையைக் கொடும், எனக்குக் கீழே ஒரு ஆளை அனுப்பும் என்று கண்ணை இறுக மூடி மன்றாடினேன். அண்ணன் இதைக் கேட்டுவிட்டு வீட்டில் போய்ச் சொல்ல, அம்மா அடுக்களைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

நான் சொல்லவந்த நத்தார் இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் வந்தது. பட்டினத்துக் கடைகளில் அலுமாரிகள் வெறுமையாகிக் கொண்டிருந்தன. கப்பலில் வரவேண்டிய எதுவும் வருவதில்லை. மழை தொடங்கினால் இருப்பதும் போய்விடும் என்று அம்மா அந்த முறை நேரத்தோடேயே, காத்தான்குடியிலிருந்து தலையில் பெட்டி சுமந்து வீடு வீடாக வரும் முஸ்லிம் வியாபாரி, 'பெட்டிக் காக்கா'விடம் சொல்லி வைத்திருந்தாள். அவரிடம் பழைய சரக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும். என்ன சாமான் என்று எங்களுக்குச் சொல்லமாட்டாள். அதைக் கேட்டால் அடி விழும்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம், வாவிக்கரைச் சேற்றில் விளையாடிவிட்டு வந்த என்னைப் பெரியக்கா கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் காலைத் தேய்த்துக் கழுவினாள். கழுவிவிட்டு, ஒரு தென்னோலை ஈர்க்கை என் உள்ளங்காலோடு சேர்த்துப் பிடித்து, பெருவிரல் முடிகிற இடத்தில் 'டக்'கென்று முறித்தாள். கூச்சம் தாங்காமல் நான் துள்ளினேன். "என்னத்துக்கு அக்கா?" என்று கேட்டதற்கு, "உன்ட கால் வளருதோ, வாய் மட்டும்தான் வளருதோ எண்டு பாக்கிறன்" என்றாள். நானும் அதை விளையாட்டு என்றே நினைத்தேன். அன்று என் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்ட அவள் பாவாடைத் தலைப்பின் ஈரம் இப்போதும் என் காலில் இருக்கிறது.

பிறகு மழை பிடித்தது. வாவி பெருகி எங்கள் வேலிப் படலை வரைக்கும் ஏறியது. அந்த மழையோடு பெரியக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். அது விடவில்லை. 'நெருப்புக் காய்ச்சல்' என்று யாரோ மெல்லிய குரலில் சொன்னார்கள். மாட்டு வண்டியில் ஏற்றிப் பாலத்தால் கொண்டுபோனால் அந்தக் குலுக்கத்தைப் பிள்ளை தாங்காது என்று, அப்பா தன் வள்ளத்தில் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து அவளைக் கிடத்தினார். அம்மா தலைமாட்டில் ஏறினாள். திரேசாக்கா, அப்போது அவளிடம் இறங்கியிருந்த அந்தக் குடையை நோயாளியின் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்தாள். கரையில் நின்ற என்னைப் பார்த்துப் பெரியக்கா கையைக் கொஞ்சம் உயர்த்தி, "சேத்துக்குள்ள இறங்கிக் காலைச் சிரங்காக்கிப்போடாத கா, அந்தக் கால் எனக்கு வேணும்" என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று அம்மா நெற்றியைத் தடவினாள். அப்பா வள்ளத்தை ஊன்றிக்கொண்டு பட்டினத்து ஆசுபத்திரிப் பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. ஆனால் குடையை யாரும் விரித்துப் பிடித்திருக்கவில்லை. கரையில் நின்ற அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத்தான் முதலில் குழறி அழுதான். எங்கள் பிலோமினாக்கா செத்துப்போனாள். இதை வேறெப்படி எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். கடவுளிடம் நான் கீழே ஒரு ஆளைக் கேட்டேன், அவர் மேலே இருந்த ஆளை எடுத்துக்கொண்டார். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. விளங்கப்படுத்த வந்த சாமிமாரோடெல்லாம் சண்டை பிடித்திருக்கிறேன்.

நத்தார் வந்தது. வராமல் விடுமா? எங்கள் வீட்டில் பலகாரமில்லை, குடிலில்லை. அம்மா அறைக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். நாட்கணக்காக வாய் திறக்கவில்லை. பூசைக்கு எங்களை அப்பாதான் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் அவர் பாயை விரித்து, அம்மா வழக்கமாக இருக்கிற இடத்தில் தான் இருந்து, எங்களைக் கூப்பிட்டார். இறக்கத்தை அவர் ஒருநாளும் செய்ததில்லை. அதெல்லாம் அம்மாவின் அரசாங்கம். இதையும் விட்டுவிட்டால் வீடு முழுக்க இடிந்து போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

தையல் தகரத்தை எடுத்துத் திரேசாக்காவின் கையில் வைத்தார். அதற்குள், பூத்தையல் பாதியில் நின்ற, முகம் துடைக்கும் கைலேஞ்சி ஒன்று ஊசியோடேயே இருந்தது. குடையை அண்ணனிடம் கொடுத்தார். அவன் வாங்கிக் காலடியில் வைத்தான், விரிக்கவில்லை. தகரப்பெட்டி எனக்கு வந்தது. பிறகு அப்பா எழும்பி, நெற்பெட்டிக்குப் பின்னால் அம்மா ஒளித்து வைத்திருந்த கடதாசிப் பொட்டலத்தை எடுத்துவந்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சட்டம் மட்டும்தான். "புதுசு மூத்த..." என்று தொடங்கியவர், அதைப் பாதியில் விட்டுவிட்டுப் பொட்டலத்தைத் திரேசாக்காவிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் மூத்தவள் இல்லப்பா."

"வாங்கு மகள்."

"நான் ரெண்டாவது. எனக்கு இறங்கினது இந்தாக் கிடக்கு. அது அக்காட. நான் மூத்தவள் இல்ல."

நீட்டிய கையை அப்பாவால் மடக்கவும் முடியவில்லை. அப்போதுதான் அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. அது அம்மாவின் குரல் என்று எனக்கு முதலில் பிடிபடவேயில்லை. "அது மூத்தவளுக்கு வாங்கினதில்ல. சின்னவளுக்கு வாங்கினது. எனக்கு இந்தமுறை வேணாம்மா, ஒருக்கா அவளுக்குப் புதுசு வாங்குங்க, பாவம்மா எண்டு மூத்தவள்தான் என்ட உசிர வாங்கினவள். நான்தான் சரியெண்டு வாங்கினன்."

அப்பா கடதாசியைப் பிரித்தார். வார் வைத்த சிவப்புச் சப்பாத்து ஒரு சோடி. ஒரு சப்பாத்துக்குள்ளே, காய்ந்துபோன ஈர்க்குத் துண்டு ஒன்று கிடந்தது. பெட்டிக் காக்காவிடம் அளவுக்குக் கொடுத்தனுப்பியது, அப்படியே திரும்பி வந்திருக்கிறது. புதுத் தோலின் மணம் வீடு முழுக்கப் பரவியது. அந்த மணம் முழுக்க முழுக்க என்னுடையது, யாருக்கும் பங்கில்லை. "எனக்குப் பழசு போதும்! எனக்குப் பழசு போதும், அக்காவக் கூட்டிக்கொண்டு வாங்க!" என்று நான் நிலத்தில் விழுந்து புரண்டேன்.

அம்மா எழும்பி வந்தாள். தலை சீவாமல், சேலை குலைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினாள். அவள்தான் அந்தச் சப்பாத்தை எனக்குப் போட்டுவிட்டாள். வாரை இழுத்துக் கட்டிவிட்டு, பெருவிரல் இருக்கும் இடத்தை அமத்திப் பார்த்து, "அளவு மட்டா இரிக்கு" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். பின்னேரம் எல்லோரும் அக்காவைப் புதைத்த சேமக்காலைக்குப் போனோம். வழியெல்லாம் வெள்ளம். சப்பாத்து நனையக்கூடாது என்று அம்மா, எழும்பி நிற்கவே தெம்பில்லாதவள், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். அக்காவின் மண்ணடியில்தான் என்னை இறக்கிவிட்டாள். அங்கே மட்டும் அந்தச் சப்பாத்தோடு நின்றேன். அதற்குப் பிறகு நான் அதைப் போடவில்லை. அது தகரப்பெட்டிக்குள் போயிற்று. என் கால் வளர்ந்தது. எனக்குக் கீழே யாரும் வரவில்லை.

அடுத்த நத்தாருக்கு அம்மா ஒன்றும் வாங்கவில்லை. "ஆருக்கு?" என்று மட்டும் கேட்டாள். மூத்தவளின் இடத்துக்குத் திரேசாக்கா கடைசிவரை ஏறவில்லை. மேலிருந்து புதுசு வராதபடியால் எதுவும் இறங்கவுமில்லை. யார் யாரிடம் என்ன இருந்ததோ அதது அங்கங்கேயே நின்றுபோயிற்று. தூண்டில் முள்ளுக்குத் தகரம் வேண்டும் என்று அண்ணன் பிறகு கேட்கவேயில்லை. எங்கள் பக்கத்தில் வீடு மூத்த பெண்பிள்ளைக்குத்தான் சீதனம். திரேசாக்காவின் கலியாணத்தின்போது அப்பா வீட்டை அவள் பேருக்கு எழுதியபோது, மணப்பெண் கோலத்தோடேயே "இது அக்காட வீடு, நான் இதுக்குள்ள குடியிருக்கிறன், அவ்வளவுதான்" என்று அழுதாள்.

அப்படியே குடியிருந்தாள். சுனாமி வந்தது நத்தாருக்கு அடுத்த நாள். கல்லடியில் அந்த வீட்டின் அத்திவாரத்தைக்கூட எங்களால் அடையாளம் காண முடியவில்லை. திரேசாக்காவை மூன்றாம் நாள் வாவிப்பக்கத்தில் எடுத்தார்கள். தகரப்பெட்டியும் சப்பாத்தும் எந்தக் கடலில் கிடக்கின்றனவோ. அண்ணன் அதற்குப் பிறகு மீன் தின்னவில்லை. சில காலத்தில் அவனும் போய்விட்டான். அம்மா, அப்பா, பெரியக்கா கிடந்த சேமக்காலையிலும் இப்போது எங்கள் ஆட்களின் சிலுவைகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் இப்போது நாவற்குடாவில் மகளோடு இருக்கிறேன். நத்தாருக்குப் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் சாமான்கள் மலையாகக் குவிகின்றன. கடதாசியைக் கிழிப்பார்கள், பார்ப்பார்கள், அடுத்ததைக் கிழிப்பார்கள். பிள்ளைகளில் பிழையில்லை. ஒரு சாமானுக்காக ஒரு வருடம் யோசிக்கிற ஆள் அவர்களுக்கு வாய்க்கவில்லை. போன நத்தாருக்கு மகள் ஒரு பொதியை என் மடியில் வைத்தாள். பிரித்தால் குடை. விரித்தேன். மணமே இல்லை.

"பிடிச்சிரிக்காம்மா? முதல்ல உங்களுக்குத்தான் வாங்கினன். இப்ப நீங்கதானே நம்மட குடும்பத்தில மூத்த ஆள்" என்றாள் மகள்.

நான் குடையை மடித்து அவள் பக்கம் நீட்டினேன். "நான் மூத்தவள் இல்ல, புள்ள" என்றேன். அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று அவள் பேரப்பிள்ளைகளிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.