தேங்காய் எண்ணெய் இட்ட ஊசி

"போன ஆடிக்கு வந்த புள்ளைக்கு இன்னும் ஆவணி பொறக்கலையா ஆத்தா?"

தெருவில் என் அம்மாவிடம் இப்படிக் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

புதிதாகக் கல்யாணமான அக்காவைத் தலை ஆடிக்கு எங்கள் ஊர் போடிக்கு அழைத்து வந்திருந்தோம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திரும்பப் போயிருக்க வேண்டும். அதற்குள் மச்சான் வேலை பார்த்த கட்டட காண்ட்ராக்டர் தொழிலை மூடிவிட்டார். "சோலி இல்லாதவன் வீட்டுக்கு எம் புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். மறு ஆடியும் வந்துவிட்டது. மச்சான் அவ்வப்போது வருவார். முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். அக்கா கதவருகில் நிற்பாள். பிறகு போய்விடுவார்.

அந்த ஆடியில்தான் ஒரு வழி பிறந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி பங்களா கட்ட நினைத்தார். ஆடியில் கட்டட வேலை தொடங்க மாட்டார்கள்; திட்டத்தை ஆடிக்குள் முடிவு செய்து, ஆவணியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதாக இருந்தார். மச்சான் மரத்தாலும் அட்டையாலும் அந்தப் பங்களாவுக்குச் சின்னதாக ஒரு மாதிரி வீடு செய்தார். விரல் அகல ஜன்னல்கள்கூடத் திறந்து மூடும். அது பிடித்துவிட்டால் கட்டட மேற்பார்வை அவருக்கு. தோட்டத்திலேயே குடியிருக்க வீடு. அக்காவை அழைத்துப் போகலாம்.

கூரைக்கு என்ன நிறம் என்பதை முதலாளி தன் கண்முன் அடித்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றார். அங்கேதான் நான் தேவைப்பட்டேன். மதுரையில் பி.ஏ. படித்தபோது ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பழகி, பழைய ஏர் பிரஷ் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். காற்றால் வர்ணத்தைப் பீய்ச்சும் பேனா அளவு கருவி. கிண்ணத்தில் வர்ணம், உள்ளே நீளமான ஊசி, விரலுக்கு ஒரு விசை. காற்றுக்கு, லாரி டியூபில் காற்றடைத்து ரப்பர் குழாயில் இணைத்துக்கொள்வோம்.

"மர வேலை என் சோலி. மிஷினு உன் பொறுப்பு மாப்ளே" என்றார் மச்சான்.

பெரிய பொறுப்பு ஒன்றும் இல்லை. அடித்து முடித்ததும் தண்ணீர் ஓட விட வேண்டும். ஊசியை உருவித் துடைக்க வேண்டும். வர்ணம் வெளியேறும் மூக்கைக் கழற்றிக் கோழி இறகால் சுத்தம் செய்ய வேண்டும். விசை உட்காரும் இடத்தில் மெல்லிய தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அது ஊசி முனைக்குப் போய்விடக் கூடாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். முந்தைய வாரம் முழுவதும் நான் அதைத் தொடவே இல்லை. புறப்படும் அன்று காலை எடுத்துப் பார்த்தால் விசை பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் டப்பா காலி. வாசலில் ஜீப்பு ஹாரன் அடித்தது.

"வெரசா வாப்பு, லோடு ஏத்தணும்" என்று டிரைவர் கத்தினார்.

அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் கிண்ணத்திலிருந்த தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். விசை வழுக்கிக்கொண்டு போனது. சந்தோஷமாக ஜீப்பில் ஏறினேன்.

போடியில் ஆடிக் காற்று சூடாக அடித்தது. மேலே மலை முழுவதும் மேகம், சாரல். மச்சான் மாதிரி வீட்டை மடியில் வைத்து, ஒவ்வொரு வளைவிலும் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார். தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் மேஜை போட்டிருந்தார்கள். முதலாளி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மச்சான் செம்மண் சிவப்பைக் கலந்து கிண்ணத்தில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

விசை அசையவில்லை.

அழுத்தினேன். இழுத்தேன். ஊசி கல்லில் பதித்தது போல நின்றது. ஸ்டோரில் அடுப்புப் பார்க்கும் மலையாளத்து ஆள் எட்டிப் பார்த்தார்.

"எந்தா அண்ணே, துப்பாக்கிக்குத் தணுப்பு பிடிச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போடியில் தண்ணீராக ஓடும் தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் மெழுகாகிவிடும். அதைச் சொல்லாமல், கருவியை ஸ்டோருக்குள் கொண்டுபோய் அடுப்புச் சூட்டில் காட்டினேன். விசை இளகியது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

உருகிய எண்ணெய் ஊசி வழியே மூக்குக்கு இறங்கியதை நான் பார்க்கவில்லை. முதல் வீச்சிலேயே கூரை மேல் கொழகொழவென்று துப்பியது. எண்ணெய் பட்ட இடங்களில் வர்ணம் ஒட்டாமல் ஒதுங்கி, வட்ட வட்டமாக அட்டை தெரிந்தது. மேலே இன்னொரு பூச்சு அடித்தேன், அதுவும் விலகியது. துணியால் துடைத்தேன், பிசுக்கு சுவருக்கும் ஜன்னலுக்கும் பரவியது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியாததால் அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் டியூபில் காற்றுத் தீர்ந்தது.

"வெத்தலையப் போட்டுத் துப்புன மாதிரில்ல இருக்கு" என்றார் முதலாளி. "ஒரு பொம்ம வீட்டுக்கே வர்ணம் சரியாக் கலக்கத் தெரியல. இவர நம்பி நான் பங்களா கட்டவா?"

அவர் மச்சானைப் பார்த்துத்தான் சொன்னார். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த, வர்ணம் கலக்கிய டப்பாவைப் பார்த்தார். "இன்னொரு நா அடிச்சுக் காட்டுறேன் முதலாளி" என்றார். முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஜீப்பில் திரும்பினோம். மலையடிவாரத்து முந்தல் நெருங்கி, வெக்கை முகத்தில் அடித்தபோது மச்சான் கேட்டார்.

"கலரக் கெட்டியாக் கலந்துட்டேனோ மாப்ளே?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அடுத்த ஜீப்பில் ஏறி முதலாளியிடம் நானே போய்ச் சொல்லியிருக்கலாம்.

"இருக்கும் மச்சான்" என்றேன்.

வீட்டில் அக்காவிடமும் அவர் அதையே சொன்னார். "நாந்தான் கெட்டியாக் கலந்துட்டேன்." அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சவன், கூடத்தான இருந்த? பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதாடா தம்பி?" நான் கை கழுவப் போனேன்.

ஆவணி வந்தது. பங்களாவுக்கு வேறொருவர் வானம் தோண்டினார். அதற்கும் அடுத்த ஆடிக்குப் பிறகுதான் மச்சானுக்குப் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதும் வேலை கிடைத்தது. அப்பா அரைமனதாக அக்காவை அனுப்பினார். நான் அதற்குள் பள்ளி ஆசிரியனாகிவிட்டேன்.

ஒருநாள் மாலை அந்த மண்டிக்குப் போயிருந்தேன். மண்டிக்காரர் ஒரு மூட்டையைக் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "எழுத்தெல்லாம் ஓடுதே அண்ணே! மையில ஏன் இம்புட்டுத் தண்ணிய ஊத்துறீரு? எத்தன தடவ சொல்றது?" சாக்கில் எழுத்துகள் கசிந்து, எது யாருடைய சரக்கு என்றே தெரியவில்லை. மச்சான் தலை குனிந்து நின்றார். மண்டிக்காரர் போனதும் வேறு சாக்கை விரித்தார். மை டப்பாவில் மறுபடியும் தண்ணீர் சேர்த்துக் குச்சியால் கலக்கி, தூக்கிப் பிடித்து ஒழுகவிட்டு என்னிடம் காட்டினார்.

"கெட்டியா இல்லைல்ல மாப்ளே?"

"இல்ல மச்சான்" என்றேன்.