ஒரு கரண்டி ஒயில்

போன மாதம் தங்கச்சியின் புருஷனிடம் வாங்கிய பழைய போட் இன்ஜின் நேற்று நடுக்கடலில் நின்றுவிட்டது. இன்னொரு போட்தான் என்னை மாம்புரிக் கரைக்கு இழுத்து வந்தது.

இன்று கல்பிட்டியில் மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன். ஸ்டார்ட் கயிற்றை இழுத்தார். இறுக்கமே இல்லாமல் லேசாக வந்தது.

"கம்பிரஷன் இல்லையே தம்பி."

பிளக்கைக் கழற்றி, உள்ளே ஒரு கரண்டி ஒயில் விட்டு, திரும்பப் பூட்டினார். "இப்ப இழுங்க."

கயிறு இறுகி நின்றது.

"ஒயில் விட்டா இறுகுது எண்டா பிஸ்டன் ரிங் தேஞ்சிட்டு. ஒயில் எரிஞ்சா திரும்பப் பழைய கதைதான். சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணி, புது ரிங் போடோணும்."

விற்ற அன்று மச்சானும் கயிற்றை என் கையில்தான் தந்தான். "இழுத்துப் பார் மச்சான், கை கழண்டு போகும். மாதாவாணை, தங்கமான இன்ஜின்."

ஸ்டார்ட் பண்ணியதும் கரையெல்லாம் புகை. "கனநாள் ஓடாமக் கிடந்தது, அதான்" என்றான்.

பிளக்கைக் கழற்றிப் பார்க்க எனக்கும் தெரியும். சொந்தத்துக்குள் அப்படிப் பார்த்தால் குறை நினைப்பார்களே என்று விட்டேன்.

பேஸ்புக்கில் நான் என்ன போட்டாலும் முதல் லைக் மச்சானுடையதுதான். இதற்கும் வரட்டும், பார்ப்போம்.