கர்னலின் பெயருக்குப் பதில்

கர்னல் ட்ரம்ஹெல்லர் இறந்துவிட்டதைப் பள்ளி அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னது புதிதாக வேலைக்கு வந்த பெண். "உங்களுக்கு அவரைத் தெரியுமாமே, மிஸ் வெர்னா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றாள் வெர்னா ஸ்டால்கப். அடுப்பில் ஆப்பிள் கருகும் வாசனை வந்தது. போய் அணைத்தாள்.

மலையடிவாரத்து ராணுவப் பள்ளியில் அவர் தலைவராக இருந்த காலம் முழுக்க அவள் அங்கே நர்ஸ். அவர் மனைவி இளம் வயதிலேயே போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் அணிவகுப்பு முடிந்ததும் மருத்துவ அறைக்கு வருவார். படுத்திருக்கும் பையன்களின் கட்டிலருகே கொஞ்ச நேரம் உட்கார்வார். பிறகு அவள் மேசையில் காப்பி. யாரும் படுத்திருக்காத நாட்களிலும் வந்தார். "கர்னலுக்குத் தினமும் காய்ச்சலா?" என்று சமையற்கட்டில் சிரித்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தார். அதற்கு என்ன பெயர் என்று ஊருக்குத் தெரியவில்லை. அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

கட்டட மூலை திரும்புமுன் கர்னல் பலமாக இருமுவார். சிகரெட்டை மறைக்கப் பையன்களுக்கு நேரம் கிடைக்கட்டும் என்றுதான். அவருக்குக் காசநோய் என்று ஒவ்வொரு வருடமும் புதுப் பையன்களிடம் பழைய பையன்கள் கதை கட்டினார்கள். சிகரெட், கிழிந்த காலுறை, மெருகு போடாத பூட்ஸ் எல்லாவற்றுக்கும் இருமல் உண்டு. பொய்க்கு மட்டும் கிடையாது.

ஒரு பனிக்காலக் காலையில் வருகைப் பதிவு எடுத்தபோது, அறைத் தோழனின் பெயருக்கு டெல்மர் என்ற பையன் "உள்ளேன்" என்று குரல் கொடுத்தான். தோழன் முந்தின இரவே சுவரேறிக் குதித்துக் காதலியைப் பார்க்கப் போயிருந்தான். பொய் சொன்னவன் பள்ளியில் இருக்கக் கூடாது என்பது மாணவர்களே காக்கும் சட்டம். அவர்கள் கூடி முடிவு செய்தார்கள், கர்னல் கையெழுத்திட்டார். தன் காரிலேயே டெல்மரைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். அன்று அவள் ஊற்றி வைத்த காப்பியை அவர் தொடவில்லை.

அந்தப் பள்ளியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வசந்தத்தில் பழைய மாணவர்கள் கூடும் நாளில், அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை மைதானத்தில் கூப்பிடுவார்கள். இறந்தவருக்கு மிக நெருங்கியவர் ஒருவர் எழுந்து "உள்ளேன்" என்பார். கர்னல் ஒவ்வொரு வருடமும் சல்யூட் வைத்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார். "வெர்னா, என் பேரைக் கூப்பிடறப்ப யாரும் பதில் சொல்லக் கூடாது. இல்லாதவனுக்கு உள்ளேன்னா அது பொய். பாத்துக்க."

"அப்ப நான் உயிரோட இருப்பேன்னு என்ன நிச்சயம்?"

"இருப்பே. உனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி."

"அது ஒரு மரியாதை, கர்னல். அதைப் போய் பொய்ங்கறீங்களே."

"டெல்மர் பண்ணினதும் சிநேகிதனுக்குப் பண்ணின மரியாதைதான். அவனை பஸ் ஏத்தி விட்டேன். எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"எழுதிக் குடுத்துடுங்களேன் ஸ்கூல்ல."

"குடுத்தா அதுக்கு ஒரு கமிட்டி போடுவானுங்க. அந்த பீன்ஸை இப்படித் தள்ளு."

அடக்கம் முடிந்த வாரம், பழைய மாணவர் சங்கத் தலைவர் கிளின்ட் ஹார்லஸ் கேக்குடன் வந்தார். பெரிய உடம்பு, நல்ல மனசு. மைதானத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் கர்னலுக்கு "உள்ளேன்" சொல்லப் போவதாகச் சொன்னார். "மலை அதிரணும், மிஸ் வெர்னா."

கர்னல் கேட்டுக்கொண்டதை அவள் சொன்னாள். டெல்மரையும் சொன்னாள்.

கிளின்ட் கேக்கைத் தன் பக்கம் இழுத்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டார். "அவரு எப்பவுமே அப்படித்தான். பாராட்டினா கூச்சப்படுவாரு. அதுக்காக நாம சும்மா இருந்துட முடியுமா?" அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, கூட்டமா வேணாம். வழக்கப்படி ஒருத்தர் சொல்லட்டும். நீங்களே சொல்லுங்க. உங்களை விட்டா அவருக்கு யாரு?" என்றார்.

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுத்தால் கூட்டமாகவே சொல்லிவிடுவார்கள், மலை அதிரும்.

"நான் நிக்கறேன்" என்றாள். "ஆனா சொல்லுவேன்னு நான் சொல்லல, கிளின்ட்."

"அழுகை வந்தா வரட்டும். யாரு தப்பா நினைக்கப் போறாங்க?" என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மைதானத்தின் ஓரத்தில் முதலுதவிப் பெட்டியோடு நின்றதைத் தவிர வெர்னா அதில் கால் வைத்ததில்லை. வசந்தக் கூட்டத்தன்று அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்தார். மகன், தம்பி, ஒரு விதவை. ஒவ்வொரு "உள்ளேன்"க்கும் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"கர்னல் ஐரா ட்ரம்ஹெல்லர்."

அவள் எழுந்து நின்றாள். மைதானமே அவளைப் பார்த்தது. சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. சொன்னால், அவர் யாருடையவர் என்று ஒரே ஒரு தடவை எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"கர்னல் ஐரா ட்ரம்ஹெல்லர்."

"இப்ப சொல்லுங்க, மிஸ் வெர்னா" என்று பின்னாலிருந்து கிளின்ட் கிசுகிசுத்தார். அவள் பற்களைக் கடித்துக்கொண்டாள். கொடிக்கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை கூப்பிட்ட மாணவன் அவளைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல், தினமும் காலையில் செய்வதைச் செய்தான்.

"கர்னல் ட்ரம்ஹெல்லர், வரவில்லை."

வெர்னா உட்கார்ந்தாள்.

விருந்துக் கூடாரத்தில் ஒருத்தி வந்து அவள் தோளில் கை வைத்தாள். "பாவம், தொண்டை அடைச்சுக்கிச்சு இல்ல? எங்களுக்கே தாங்கல."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா. தொண்டை நல்லாத்தான் இருக்கு. சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல. அவர் வேண்டாம்னார்."

தோளிலிருந்து கை எடுபட்டது. கொஞ்ச நேரத்தில் அடுத்த மேசைக்கும் செய்தி போயிருக்க வேண்டும். "ஒரு வார்த்தை. அந்த மனுஷனுக்காக ஒரே ஒரு வார்த்தை" என்று யாரோ அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். கிளின்ட் தூரத்தில் முதுகைக் காட்டி நின்று பலமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கு இரு பக்கமும் நாற்காலிகள் காலியாயின.

வெர்னா பன்றி இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டியை முழுதும் சாப்பிட்டாள். உப்பு அதிகம். தட்டைத் தானே கொண்டுபோய் வைத்துவிட்டுக் காருக்கு நடந்தாள். நல்ல வெயில். வழியில் ஒருவரும் மரியாதைக்குக்கூடத் தொப்பியைத் தொடவில்லை.

என்ன நடந்தது என்று முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார் கர்னல். காருக்குள் அனலாக இருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சூடு போகும்வரை கதவருகே நின்றாள்.