வலப்பக்கம் மூன்றாவது தோள்

ஆகஸ்ட் 16, காலை ஐந்து மணி. சிவகாசியிலிருந்து கோவில்பட்டிக்கு முதல் பஸ். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஆனால் ஜன்னல் மூடவில்லை. கோவில்பட்டி பஸ் நிலையத்தில் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு வெந்நீரை டீ என்று கொடுத்தார்கள். அங்கிருந்து தூத்துக்குடிக்கு ஐம்பது ரூபாய். எட்டு மணிக்கு இறங்கி, உடனே திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

நான் சிவகாசியில் சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் உண்டு. சாமி எதுவானாலும் மை ஒன்றுதான். கடலோரத்தில் ஓர் ஊர், அங்கே நடக்கும் புனித ஆரோக்கியநாதர் திருவிழாவின் அழைப்பிதழை நான்கு வருடமாக நான்தான் அச்சடிக்கிறேன். கட்டுகளை வாங்கிப் போக வருபவர் சூசை. உப்பு லாரி ஓட்டுபவர், ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்குக் கூப்பிடுவார். இந்த முறை கூடுதலாக ஒன்று சொன்னார்.

"இந்த வருசம் எனக்குத் தோள் திரும்பக் கிடைக்கும் போல இருக்கு அண்ணாச்சி. தலைவரு பாப்போம்னு சொல்லிருக்காவ."

அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுத வேண்டாம் என்று சூசை கேட்டுக்கொண்டார். அவருக்கு அவ்வளவு செய்த ஊர், அதன் பெயர் கெட்டுவிடக் கூடாதாம்.

முள்ளக்காடு தாண்டியதும் இரு பக்கமும் உப்பளம். வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. பக்கத்து சீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவராம். எங்கே போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "நல்ல துடியான சாமிலா. அந்த ஊருல கொரோனாவ அண்ட விடலையே" என்றார். அப்படித்தான் ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அழைப்பிதழிலும் அதைத்தான் அச்சடிக்கச் சொல்லியிருந்தார்கள், 'ஊரைக் கொள்ளைநோயிலிருந்து காத்த புனிதர்' என்று. நானும் தடித்த எழுத்தில் போட்டேன்.

ஒன்பது மணி. ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் சூசை பைக்கோடு நின்றார். புதுச் சட்டை, தோளில் மடித்த புதுத் துண்டு. அங்கிருந்து கடலுக்கு ஐந்து கிலோமீட்டர், வழியெல்லாம் உடைமரம். போகும்போதே தோள் என்றால் என்ன என்று விளக்கினார். புனிதரின் சப்பரத்தை இரண்டு நீளமான கம்புகளில் பன்னிரண்டு பேர் சுமக்கிறார்கள். யாருக்கு எந்த இடம் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வருகிற உரிமை. வலப்பக்கம் மூன்றாவது தோள் சூசையின் அப்பாவுடையது, அவருக்குப் பின் சூசையுடையது.

கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகை முன்னால் பைக்கை நிறுத்தினார். மீன்பெட்டி அடுக்கும் இடம்.

"இங்கனதான் நாப்பது நாள் கிடந்தேன்."

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது ஊரில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவர ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை. அப்போது சூசையிடம் சொந்தமாக ஒரு மீன் வேன் இருந்தது. ஊர்க் கமிட்டிதான் கும்பிட்டுக் கேட்டது. ஒன்பது பேரையும் அவரே ஏற்றிவந்து, ஆஸ்பத்திரி ஆள் ஒருவரோடு குழியில் இறக்கி, மண்ணும் போட்டார். கல்லறைத் தோட்டத்துக்கு வீட்டார் ஒருவரும் வரவில்லை. அவர் ஊருக்குள் வரக் கூடாது என்றார்கள். அவர் மனைவி பிலோமி மாதா கெபி என்கிற சின்னக் குகைக்கோயிலின் படியில் சோற்றை வைத்துவிட்டுப் போவாராம், இவர் பிறகு வந்து எடுத்துக்கொள்வாராம். எல்லாம் முடிந்த பிறகு அந்த வேனில் மீன் ஏற்ற ஆளில்லை. வேனை விற்றார். அடுத்த திருவிழாவுக்குள் அவருடைய தோளும் ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மையின் மருமகனுக்குப் போயிருந்தது.

"செபமாவது சொல்ல முடிந்ததா?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணாச்சி. அந்தக் கொரோனா உடுப்புக்குள்ள மூச்சே விட முடியல, செபம் எங்க வரும். உடம்பு கிடக்குற பையத் தொறக்கவும் கூடாது. மேல பேனாவுல பேரு எழுதிருக்கும். அதப் பாத்துத்தான் இது இன்னாருன்னு தெரியும்." பைக்கைத் திருப்பிக்கொண்டே, "ஒங்க வீட்டுல யாரும் போனாவளா?" என்றார்.

"பெரியப்பா. மதுரையில்" என்று சொல்லிவிட்டு, பூசைக்கு நேரமாகிவிட்டதே என்றேன்.

பத்து மணிக்குத் திருவிழாப் பூசை. கோயிலுக்குள் நிற்க இடமில்லை. புனிதரின் சுரூபம் ஆளுயரம். அங்கியைத் தொடை வரை விலக்கிப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய். பெண்கள் வரிசையாக வந்து உப்பும் மிளகும் கொட்டிப் போனார்கள்.

பிரசங்கத்தில் அவருடைய கதையைச் சொன்னார் பங்குச் சாமியார். மெய்ப்புத் திருத்தித் திருத்தி எனக்கு மனப்பாடமான கதை. பிரான்சில் பணக்கார வீட்டில் பிறந்தவர் சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு ரோமாபுரிக்கு நடந்தார். வழியில் கொள்ளைநோய் கண்ட ஊர்களில் தங்கி, யாரும் தொடாத நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்தார். நோய் அவருக்கே வந்ததும் காட்டில் போய்க் கிடந்தார். ஒரு நாய்தான் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது. பிழைத்துச் சொந்த ஊருக்குத் திரும்பினால், ஊரார் அவரை அடையாளம் காணாமல் ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். சிறையிலேயே இறந்தார். நெஞ்சில் பிறவியிலிருந்தே இருந்த சிலுவைக் குறியைப் பார்த்த பிறகுதான் ஐயோ நம்ம பிள்ளை என்று அழுதார்களாம்.

அந்த இடம் வந்ததும் எனக்கு முன்னால் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தொம்மை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சூசை கடைசித் தூணோரம் நின்றார். அவர் பக்கத்தில் மட்டும் இன்னும் இரண்டு பேர் நிற்க இடமிருந்தது.

மாலை ஐந்து மணிக்குச் சப்பரம் கிளம்பியது. பேண்ட் செட், வெடி, மேலே புனிதர். வலப்பக்கம் மூன்றாவது தோளில் தொம்மையின் மருமகனே நின்றான். வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்ப்பவன், திருவிழாவுக்கென்று வந்திருந்தான். சூசை துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை, சப்பரத்தை ஒட்டியே நடந்தார்.

மூன்றாவது தெரு திரும்பும்போது மருமகனுக்கு மூச்சு வாங்கியது. கம்பு தாழ்ந்தது. "மாத்துத் தோள்" என்று குரல் கொடுத்தான். சுமக்கிறவனுக்கு முடியாமல் போனால் பக்கத்தில் நிற்பவன் யாரோ அவன் நுழைந்து தாங்க வேண்டும், உரிமை கிரிமை என்று பார்ப்பதில்லை. அதுதான் வழக்கம். பக்கத்தில் நின்றவர் சூசை. ஓர் அடி முன்னால் வைத்துவிட்டார்.

முன்னால் போன தொம்மை திரும்பி நின்று அவரைப் பார்த்தார். பிறகு அவர் தலைக்கு மேலாகப் பின்னால் கையைக் காட்டி, "ஏலே அந்தோணி, நீ வால" என்றார். அந்தோணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேரும் வரை சப்பரம் சாய்ந்தே நின்றது. சூசை வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

சூசையின் வீட்டுக்கு வந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். நோய் போய் எத்தனை வருடமாயிற்று, இன்னும் என்ன பயம் இவர்களுக்கு?

"பயமெல்லாம் இல்ல அண்ணாச்சி. தலைவரு அப்பனுக்கு மண்ணு போட்டது நான்லா. என் மூஞ்சியப் பாத்தா, தான் வராதது அவியளுக்கு ஞாபகம் வருது. அதான்." துண்டை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

ஆகஸ்ட் 17, காலை ஆறு மணி. நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் தொம்மை வந்து நின்றார். என்னைப் பார்த்துத் தயங்கினார். "நம்ம அச்சாபீஸ் அண்ணாச்சிதான். சொல்லுங்க" என்றார் சூசை.

"நேத்து பிரசங்கம் கேட்டதுல இருந்து தூக்கமே இல்லல. எங்கப்பாவக் குழியில வைக்கையில, கையில செபமாலை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எந்தக் கையில?"

"வலது கையில. கறுப்பு மணி."

"செபம் சொன்னியா?"

"ஆரோக்கியநாதர் செபம் முழுசும் சொன்னேன். அதுக்குப் பொறவுதான் மண்ணு போட்டேன்."

தொம்மை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிலோமி குசினியிலிருந்து காப்பி கொண்டுவந்தார். "வயிறு சரியில்ல தங்கச்சி" என்று தொம்மை கையைக் காட்டி மறுத்துவிட்டுப் படியிறங்கினார். தெருவுக்குப் போய்த் திரும்பி, "அடுத்த வருசம் பாப்போம்ல" என்றார். பிலோமி அந்தக் காப்பியை மணலில் கொட்டினார்.

"ஏன் பொய் சொன்னீர்கள்?" என்றேன்.

"பையில பேனாவுல எழுதிருந்துச்சு, அதான் ஒங்க அப்பான்னு தெரிஞ்சுதுன்னு சொல்லவா?"

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. இப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் தொம்மைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். போய்வருகிறேன் என்று சரியாகக்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். தூத்துக்குடி வரை அந்த ஊரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். எட்டயபுரம் தாண்டும்போது திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, பெரியப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

எனக்கு அச்சகம் வைத்துக் கொடுத்தவர் அவர். மதுரையில் அவர் இறந்த அன்று, "நீங்க வர வேண்டாம், நாங்களே எரிச்சிடுவோம்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சரி என்றேன். உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. சாம்பலை வாங்கவும் வேறு ஆளைத்தான் அனுப்பினேன். தொம்மையாவது இத்தனை வருடம் கழித்து ஒரு வாசலில் போய் நின்று கேட்டார். பெரியப்பாவைத் தூக்கிச் சிதையில் வைத்தவர் யார், அவர் பெயர் என்ன என்று நான் இன்று வரை ஒருவரிடமும் கேட்டதில்லை.